பில்லிங் என்றால் எந்தப் பில்லிங்? பனியன் ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஏற்றுமதி ஆர்டர்களைப் பார்த்துக்கொள்பவனாக, வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். வெளிநாட்டுக்காரர்களுக்காக வாங்கித் தரும் டெல்லி பையிங் ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஃப்ளீஸ் ஸ்டைலில் பில்லிங் ப்ராப்ளம் இருக்கிறது, உடனே பாருங்கள் என்றார்கள். டைரியில் 'பில்லிங் ப்ராப்ளம், அர்ஜென்ட்' என்று தமிழில் குறித்துக்கொண்டு நேராக அக்கவுண்ட்ஸ் ரூமுக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி, "நம்ம பில்லுல என்ன தம்பி தப்பு? சித்த இரு, பாக்கறேன்" என்று அன்றைக்கு முழுக்க இன்வாய்ஸ் ஃபைலைப் புரட்டினார். இல்லாத தப்பை இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாள் மெயிலில் லேப் ரிப்போர்ட் வந்தபோதுதான் புரிந்தது, அவர்கள் சொன்னது பில்லைப் பற்றி இல்லை, துணியைப் பற்றி. அதற்குள் கட்டிங் டேபிளில் துணியை வெட்டி அடுக்கியாகிவிட்டது.

துணி உரசி உரசி மேலே பஞ்சு சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு நிற்கும், பார்த்திருப்பீர்கள். பழைய ஸ்வெட்டரின் அக்குள் பக்கம் நிறைய இருக்கும். அதுதான் இந்தப் பில்லிங். லேப்பில் துணியைத் தேய்த்துப் பார்த்து 1 முதல் 5 வரை மார்க் போடுவார்கள். 5 என்றால் உருண்டை விழவே இல்லை என்று அர்த்தம். என்சைம் போட்டு பயோ வாஷ் செய்தால், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை என்சைம் அரித்துவிடும், உருண்டை விழுவது குறையும். ரோலாக இருந்தபோதே செய்திருந்தால் ஒரு நாள் வேலை. வெட்டின பிறகு என்ன பாடு பட்டோம், நான் என்ன திட்டு வாங்கினேன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

கோபியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ தேனியிலிருந்தோ தமிழ் மீடியத்தில் படித்து, டிகிரி முடித்து, இங்கே ஏற்றுமதிக் கம்பெனியில் புதிதாக உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'குழப்பும் நூறு ஆங்கிலச் சொற்கள்' என்கிற மாதிரிப் பட்டியல்கள் கடையில் கிடைக்கும். அதை மனப்பாடம் செய்யாதீர்கள். அதில் பாதிச் சொல் உங்கள் மேஜைக்கு வரவே வராது. உங்கள் மேஜைக்கு வரும் சொற்களோ அதில் இருக்காது. பக்கத்துச் சீட்டில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் நான் எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பேனோ அதே வரிசையில் சொல்கிறேன்.

முதல் வேலை: இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழில் குறிப்பதை நிறுத்துங்கள்

இதைத் தமிழில் எழுதிக்கொண்டே சொல்வது வேடிக்கைதான். ஆனால் என் தப்பின் வேர் அங்கேதான் இருந்தது. 'பம்பரம்' என்று எழுதுகிறோம். முதல் ப அழுத்தமாக வருகிறது, மகர மெய்க்குப் பின்னால் வரும் இரண்டாவது ப தளர்ந்து வருகிறது. இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். எந்த இடத்தில் எந்த ஒலி என்று நாக்குக்குத் தெரியும், ஆகவே நமக்கு இரண்டு எழுத்து தேவைப்படவில்லை. இங்கிலீஷில் அந்த இட ஒழுங்கு கிடையாது. சொல்லின் முதலிலும் இரண்டு ஒலியும் வரலாம், கடைசியிலும் இரண்டு ஒலியும் வரலாம். அதைத் தமிழ் எழுத்தில் இறக்கினால் இரண்டு சொல் ஒரே சட்டைக்குள் போய்விடும்.

டி-ஷர்ட் கழுத்தில் வைத்துத் தைக்கும் இழுவைத் துணி ரிப். கழுத்து கிழிந்திருந்தால் அதுவும் ரிப். சாயம் ஒத்துவருகிறதா என்று பார்க்கச் சாயப்பட்டறை அனுப்பும் சின்னத் துண்டு லேப் டிப். காலர் ஓரத்தில் ஓடும் வேறு நிறக் கோடு டிப்பிங், அதன் முனை டிப். முதுகு பேக், பை பேக், பெட்டியில் அடுக்குவது பேக். 'பேக் பிரிண்ட் சரியில்லை' என்று நீங்கள் தமிழில் குறித்து வைத்திருந்தால், சட்டையின் முதுகில் அடித்த பிரிண்ட்டா பாலிபேக் மேல் அடித்த பிரிண்ட்டா என்று மறுநாள் உங்களுக்கே தெரியாது. சட்டைக்கடியில் போடுவது வெஸ்ட், திசையில் ஒன்றும் வெஸ்ட். பருத்திப் பொதி பேல், ஜாமீன் பேல், வெளிறின நிறம் பேல்.

ஆகவே கையெழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, ஸ்பெல்லிங் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையுமாவது ஆங்கிலத்தில் குறியுங்கள். நடுவில் கோடு போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது: போனில் எழுத்தைக் கேட்கப் பழகுங்கள்

எழுத்தின் பெயர்களும் காதில் குழம்பும். 'பி' என்றால் எந்த பி? 'டி' என்றால் எந்த டி? எங்கள் பக்கம் எல்லோரும் செய்வது இதுதான்: பி ஃபார் பாம்பே, பி ஃபார் பீட்டர், டி ஃபார் டெல்லி, டி ஃபார் திருப்பூர். பில்லைக் குறிக்கும் பில்லிங்குக்குப் பாம்பே பி. பஞ்சு உருண்டைக்குப் பீட்டர் பி. கழுத்து ரிப்பின் கடைசி எழுத்து பாம்பே, கிழிசல் ரிப்பின் கடைசி எழுத்து பீட்டர். லேப் டிப்புக்கு டெல்லி, காலர் டிப்புக்குத் திருப்பூர்.

கேட்க வெட்கப்படாதீர்கள். எதிரில் இருப்பவர் டெல்லிக்காரராக இருந்தாலும் ஹாங்காங்காரராக இருந்தாலும் இதில் முகம் சுளிப்பதில்லை. 'சரிங்க சரிங்க' என்று தலையாட்டிவிட்டுப் போனை வைப்பதுதான் நம் ஊர் மரியாதை. அந்த மரியாதை இந்த ஒரு இடத்தில் மட்டும் வேண்டாம்.

மூன்றாவது: ஸ்பெக் ஷீட்டை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை படியுங்கள்

கம்பெனியில் உங்கள் கைக்கு முதலில் வருவது ஸ்பெக் ஷீட்தான், ஆடையின் துணி, அளவு விவரமெல்லாம் இருக்கும் தாள். அதில் உள்ள சொற்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் அர்த்தம் எழுதாமல், பொருளை ஒட்டுங்கள். துணித் துண்டு, பட்டன், நூல், எது கிடைக்கிறதோ அது. டெய்லரிடம் கேட்டால் கட்டிங் வேஸ்டில் இருந்து எடுத்துக் கொடுப்பார்.

அந்த வேஸ்டிலிருந்தே ஆரம்பிப்போம். வெட்டின மீதி வேஸ்ட். இடுப்பு அளவும் வேஸ்ட். உச்சரிப்பில் இங்கிலீஷ்காரருக்கே வித்தியாசம் இல்லை, ஸ்பெல்லிங்கில் மட்டும்தான். மெஷர்மெண்ட் சார்ட்டில் இடுப்பளவுக்கு நேராகக் 'கழிவு' என்று எழுதி அனுப்பிய சார்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். சிலவற்றை எழுதியவன் நானே.

போலோ டி-ஷர்ட் வந்தால் மூன்று சொல் ஒன்றாகக் கிளம்பும். கழுத்திலிருந்து நெஞ்சு வரை இரண்டு மூன்று பட்டன் வைத்துத் திறக்கிற பட்டி பிளாக்கெட். நெஞ்சில் பேனா வைக்கிற பை பாக்கெட். மடித்துப் போடுவது பேக்கெட். நாம் கடைசி இரண்டையும் சேர்த்து 'பாக்கெட்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பால் பாக்கெட்டும் சட்டைப் பாக்கெட்டும் நமக்கு ஒன்று. மெயிலில் 'பிளாக்கெட் அகலம் 3 சென்டிமீட்டர்' என்று வந்ததைப் பாக்கெட் என்று வாசித்து, இவ்வளவு சின்னப் பையில் எதை வைப்பார்கள் என்று மாஸ்டரிடம் விவாதித்த பையன் ஒருவன் எங்களோடு இருந்தான். இப்போது அவன் சொந்தமாக யூனிட் வைத்திருக்கிறான்.

பையர், அதாவது சரக்கை வாங்குகிறவர், அமெரிக்கராக இருந்தால் காலரையும் கலரையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கில் கலருக்குள் ஒரு யு இருக்கும், கண்ணுக்குத் தனியாகத் தெரியும். அமெரிக்கர் அந்த யு-வை விட்டுவிடுவார்கள். விட்டதும் அது காலருக்குத் தம்பி மாதிரி ஆகிவிடும். காலரில் இரண்டு எல், கலரில் ஒன்று. 'காலர் கலர் அப்ரூவ்டு' என்று ஒரே வரியில் வந்தால் இரண்டு தடவை படியுங்கள்.

அடுத்து ஃபேப்ரிகேஷன் என்று ஒரு கட்டம் இருக்கும். கோயமுத்தூர் கணபதி, பீளமேடு பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஃபேப்ரிகேஷன் என்றால் வெல்டிங் பட்டறை, கேட், கிரில். ஸ்பெக் ஷீட்டில் அது என்ன துணி, எத்தனை சதம் காட்டன், எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்பதைக் குறிக்கிறது. இங்கிலீஷ் பேப்பரில் அதே சொல்லுக்கு 'கட்டிவிட்ட பொய்' என்றும் அர்த்தம் உண்டு. ஒரே சொல், ஒரே ஸ்பெல்லிங், மூன்று இடத்தில் மூன்று வேலை. எந்தக் கூரைக்குக் கீழே நிற்கிறோம் என்பதுதான் அர்த்தத்தைத் தீர்மானிக்கிறது.

நிட்டிங் பக்கம் போனால் கேஜ் வரும். வட்ட மெஷினில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பது கேஜ். 24 கேஜ் என்றால் அங்குலத்துக்கு 24 ஊசி. இதன் இரண்டாவது ஜி-க்குப் பதில் இஸட் விழுந்தால் அது காஸ், ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுகிற சல்லடைத் துணி. அதுவும் துணிதான் என்பதால் ஸ்பெல் செக்குக்கும் சந்தேகம் வராது, படிக்கிறவருக்கும் உடனே தெரியாது.

கோர்ஸ் இன்னும் மோசம். பனியன் துணியை உற்றுப் பார்த்தால் கண்ணிகள் குறுக்கே வரிசையாகவும் நெடுக்கே வரிசையாகவும் ஓடும். குறுக்கு வரிசை கோர்ஸ், நெடுக்கு வரிசை வேல். தடித்த, சொரசொரப்பான நூலும் கோர்ஸ்தான். உச்சரிப்பு ஒன்றே, ஸ்பெல்லிங் வேறு. நூல் நம்பர் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 840 கஜ நீள நூல் ஒரு ஹாங்க். ஒரு பவுண்டு எடைக்கு இப்படி எத்தனை ஹாங்க் வருகிறதோ அதுதான் நூல் நம்பர். ஆகவே நம்பர் குறையக் குறைய நூல் தடிக்கும். நாற்பதாம் நம்பர் மெலிது, பத்தாம் நம்பர் கோர்ஸ். அந்தக் கோர்ஸ் நூலில் பின்னிய துணியில் அங்குலத்துக்கு இத்தனை கோர்ஸ் வேண்டும் என்று ஒரே பத்தியில் வரும்போது தலை சுற்றும். சுற்றட்டும். இரண்டு துண்டுத் துணியை நோட்டில் ஒட்டி வைத்தவருக்குச் சுற்றாது.

டை: ஒரு தனிக் கதை

இந்த ஒரு சொல்லுக்குத் தனி இடம் கொடுத்தே ஆக வேண்டும். சாயம் டை. சாவது டை. கோயமுத்தூர் ஃபவுண்டரிகளில் உருக்கிய உலோகத்தை ஊற்றும் அச்சு டை. கழுத்தில் கட்டுவது டை. துணியை முடிச்சுப் போட்டுக் கட்டிச் சாயத்தில் முக்கினால் அது டை அண்ட் டை.

கழுத்து டைக்குத் திருப்பூர் டி, மற்ற மூன்றுக்கும் டெல்லி டி. சாயத்துக்கு நடுவில் ஒய். சாவுக்கும் அச்சுக்கும் நடுவில் ஐ. இதுவரை சுலபம். கடைசியில் 'இங்' சேரும்போதுதான் சிக்கல். 'செத்துக்கொண்டிருக்கிற' என்ற சொல்லில் ஐ போய் ஒய் வந்துவிடுகிறது. சாயம் போடுகிற சொல்லில் ஏற்கெனவே ஒய் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க மிஞ்சுவது ஒரே ஒரு இ. சாயப்பட்டறை என்றால் ஒய்-க்குப் பின்னால் அந்த இ இருக்க வேண்டும். அந்த இ விழுந்த போர்டுகள், லெட்டர்பேடுகள், விசிட்டிங் கார்டுகள் நம் ஊரில் கொஞ்ச நஞ்சமல்ல. இங்கிலீஷ்காரர்களே சில நூற்றாண்டுக்கு முன்னால் இவற்றை மாற்றி மாற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள், ஆகவே ரொம்பக் கூச வேண்டியதில்லை. ஆனால் பையர் கண்ணில் படும்போது சிரிப்பார்.

2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கலாம். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்கிற ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ் ஏற்பாடு இல்லாமல் ஓடக் கூடாது என்றாகிவிட்டது. அந்த மாதங்களில் எங்கள் மெயில்களில் எந்த ஸ்பெல்லிங் போட்டாலும் அர்த்தம் சரியாகத்தான் இருந்தது.

நான்காவது: நினைவுக்குத் தமிழ் முடிச்சு போடுங்கள்

மெயில் எழுதும்போது வரும் பொதுச் சொற்களுக்குத் துணித் துண்டு ஒட்ட முடியாது. அவற்றுக்கு நான் வைத்திருக்கும் வழி இது. இங்கிலீஷ் புத்தகங்கள் சொல்லும் நினைவுக் குறிப்புகள் இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கானவை. நமக்கு நம் சொல்லில் முடிச்சு வேண்டும். ஏ என்ற எழுத்தை 'அ' ஓசையாகவும், இ என்ற எழுத்தை 'எ' ஓசையாகவும், ஐ என்ற எழுத்தை நம் 'இ' ஓசையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் விதி.

ஸ்டேஷனரி இரண்டு உண்டு. ஒன்றில் ஏ, ஒன்றில் இ. அசையாமல் நிற்பதற்கு ஏ, அதாவது அ. எழுதுபொருளுக்கு இ, அதாவது எ. இடுப்பு வேஸ்டில் ஐ இருக்கும், அது இடுப்பின் இ. மற்ற வேஸ்ட் இ-யில் முடியும், எறிவதற்கான எ. அஃபெக்ட் ஏ-யில் தொடங்கும், வந்து அடிப்பது. எஃபெக்ட் இ-யில் தொடங்கும், அடித்த பிறகு எஞ்சுவது. மழை துணியை அஃபெக்ட் பண்ணியது, கறை அதன் எஃபெக்ட். இன்ஷூர் ஐ-யில் தொடங்கும், இழப்புக்குக் காப்பு, இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை. என்ஷூர் இ-யில் தொடங்கும், எப்படியாவது நடக்கச் செய்வது, அது உங்கள் வேலை. 'ஷிப்மெண்ட்டை என்ஷூர் செய்யவும்' என்று வந்த மெயிலுக்கு இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

காம்ப்ளிமெண்ட் என்று நாம் சொல்வதும் இரண்டு. நடுவில் ஐ இருந்தால் இன்சொல், பாராட்டு. அதே இடத்தில் இ இருந்தால் எடுப்பு, ஒரு நிறத்துக்கு இன்னொரு நிறம் எடுப்பாகச் சேர்ந்து நிறைவு செய்வது. கோர்ஸிலும் இது வேலை செய்யும். தடித்த நூலைக் குறிப்பதில் ஏ இருக்கிறது, அரம் மாதிரி சொரசொரப்பு.

எனக்கு ரொம்பப் பிடித்தது பிரின்சிபல். கடன் வாங்கிய முதல், கல்லூரி முதல்வர், முதன்மையான விஷயம், மூன்றுக்கும் இங்கிலீஷில் ஒரே சொல். தமிழிலும் ஒரே வேர், 'முதல்'. அது ல் என்று முடிகிறது. ஆகவே இங்கிலீஷிலும் எல் எழுத்தில் முடிய வேண்டும். கொள்கை என்ற பொருளில் வருவது மட்டும் எல்-லுக்குப் பின்னால் ஒரு இ போட்டு முடியும். பேங்க் லோன் பேப்பரில் 'கொள்கைத் தொகை' என்று எழுதாமல் தப்பிக்க இது போதும்.

எல்லாவற்றுக்கும் இப்படி அமையாது, வலிந்து கட்டாதீர்கள். தளர்வாக இருப்பதும் லூஸ், தொலைப்பதும் லூஸ். இதற்கு நான் தமிழில் தேடிப் பார்த்து விட்டுவிட்டேன். தளர்ந்ததில் இரண்டு ஓ, பட்டன் துளை இரண்டும் விரிந்துபோன மாதிரி. தொலைந்ததில் ஒரு ஓ தொலைந்துவிட்டது. 'லூஸாடா நீ' என்பதும் மறை கழன்றவனைத்தான், ஆகவே இரண்டு ஓ.

அட்வைஸ் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். நமக்கு அட்வைஸ் என்றால் பெரியவர்கள் உட்காரவைத்துச் சொல்வது. 'அட்வைஸ் பண்ணாதீங்க' என்று சலித்துக்கொள்கிற விஷயம். மெயிலின் கடைசியில் 'ப்ளீஸ் அட்வைஸ்' என்று இருந்தால் பையர் உங்களிடம் புத்திமதி கேட்கவில்லை. என்ன நிலவரம், என்ன செய்யப் போகிறீர்கள், பதில் சொல்லுங்கள் என்கிறார். பதில் போடாமல் விட்டால் அடுத்த மெயிலில் உங்கள் முதலாளியின் பெயரும் சேர்ந்திருக்கும். இந்த வினைச்சொல்லுக்கு எஸ், கடைசியில் வண்டு ரீங்கரிக்கிற மாதிரி உச்சரிப்பு. பேங்க் அனுப்பும் பேமெண்ட் அட்வைஸ் ஒரு பேப்பர், ஒரு பொருள். அதற்குச் சி, உச்சரிப்பு ஐஸ் மாதிரி. ஐஸ் கையில் எடுக்கக்கூடிய பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குவைட் என்று எழுதப்படுவதும் குவயட் என்று எழுதப்படுவதும் இ எழுத்து ஓரிடம் தள்ளி உட்காருவதால் மாறுகின்றன. இ கடைசிக்கு முன்னால் வந்தால் பொட்டாட்டம், அதாவது சத்தமில்லாமல், இருப்பது. இ கடைசியில் வந்தால் 'ஓரளவு' அல்லது 'ரொம்பவே'. எது என்பது ஆளைப் பொறுத்தது. அமெரிக்கர் உங்கள் சாம்பிளை 'குவைட் குட்' என்றால் சந்தோஷப்படலாம். லண்டன்காரர் அதையே சொன்னால் பெரும்பாலும் 'சுமார்தான், இருக்கட்டும்' என்று அர்த்தம்.

ஐந்தாவது: கடல் தாண்டினால் மாறும் சொற்கள்

இங்கே ஸ்பெல்லிங்கும் ஒன்று, ஒலியும் ஒன்று, பொருள் மட்டும் வேறு. பிரிட்டிஷ் பையர் வெஸ்ட் என்றால் நம் கை இல்லாத பனியன். அமெரிக்கர் வெஸ்ட் என்றால் சட்டைக்கு மேல் போடும் கை இல்லாத கோட்டு. பேண்ட்ஸ் என்றால் அமெரிக்கருக்கு முழுக்கால் சட்டை, பிரிட்டிஷ்காரருக்கு ஜட்டி. ஜம்பர் என்றால் லண்டனில் ஸ்வெட்டர், அமெரிக்காவில் சட்டைக்கு மேல் போடும் கை இல்லாத கவுன். புது பையர் என்றால் முதல் மெயிலிலேயே ஸ்கெட்ச் கேளுங்கள். சொல்லை நம்பிக் காஸ்டிங், அதாவது விலைக்கணக்கு, போடாதீர்கள். ஜட்டிக்கும் பேண்ட்டுக்கும் எத்தனை கிராம் துணி வித்தியாசம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நம் ஊர் அடையாளமான 'பனியன்' என்ற சொல்லை மட்டும் வெளிநாட்டு மெயிலில் போடாதீர்கள். அதன் ஸ்பெல்லிங்கும் ஆலமரத்துக்கான இங்கிலீஷ் சொல்லின் ஸ்பெல்லிங்கும் ஏறக்குறைய ஒன்று, சில சமயம் அச்சாகவே ஒன்று. இரண்டும் குஜராத்தி வணிகர்களைக் குறித்த ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை: அவர்கள் மரத்தடியில் கூடி வியாபாரம் செய்ததால் மரத்துக்கு அந்தப் பெயர், அவர்கள் உடுத்தியது போன்ற தளர்ந்த சட்டை என்று துணிக்கும் அதே பெயர். 'ஐயாயிரம் பனியன் ரெடி' என்று எழுதினால் தோப்பு வைத்திருக்கிறீர்களோ என்று நினைப்பார்கள்.

பனியன் கம்பெனியில் இல்லாவிட்டால்

கொங்கு நாட்டில் எல்லோரும் துணிக்குள் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் ஏற்றுமதியில் சேர்ந்தவர்கள் காயர் என்ற சொல்லில் சி-க்குப் பின்னால் எச் போட்டுவிடாதீர்கள், அது சர்ச்சில் பாடும் குழுவாகிவிடும். கயிறு என்ற நம் பக்கத்துச் சொல்தான் மலையாளம் வழியாகக் காயர் ஆனது. எச்-சுக்கு அங்கே வேலை இல்லை. நாரடித்த பின் விழும் தூள் பித். அதை 5 கிலோ கட்டியாக அமுக்கி விற்கும்போது கோகோ பீட் என்கிறார்கள். பீட் என்பது உண்மையில் குளிர்நாட்டுச் சதுப்பில் பாசியும் செடியும் மக்கிக் கிடக்கும் பொருள். அதற்கு மாற்றாக நம் தூள் போவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்வாய்ஸில் பித் என்றும் விளம்பரத்தில் பீட் என்றும் பார்த்துக் குழம்ப வேண்டாம். கொப்பரைக்கான சொல்லில் பீட்டர் பி. பாம்பே பி போட்டால் நல்ல பாம்பு.

ஈரோட்டு மஞ்சளில் கவனிக்க வேண்டியது கர்க்குமின். மஞ்சளுக்கு நிறம் கொடுப்பது அது. எத்தனை சதம் என்று வாங்குகிறவர்கள் கேட்பார்கள். முன்னால் உள்ள மூன்று எழுத்து விழுந்துவிட்டால் க்யூமின், சீரகம். மஞ்சளை வேகவைத்துக் காயவைப்பது க்யூரிங். வேகவைத்த மஞ்சள் என்று எழுதும்போது ஒரு இ குறைந்தால் தயிர் ஆகிவிடும்.

பல்லடத்தில் பிராய்லர் கோழி, பக்கத்துத் திருப்பூரில் சாயப்பட்டறைப் பாய்லர். நடுவில் ஒரு ஆர். நாமக்கல்லில் முட்டைக் கோழி லேயர், கோர்ட்டில் லாயர். பவானி ஜமக்காளம் ரக், அந்த யு-வுக்குப் பதில் ஏ விழுந்தால் ரேக், கந்தல். நெசவுக்காரர்களுக்கு அதைவிட அவமானம் இல்லை. ஈரோடு, கரூர், சோமனூர்த் தறிக்காரர்கள் வார்ப் என்ற சொல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது பாவு. ஏ-யும் ஆர்-ம் இடம் மாறினால் ராப், சுற்றிக் கட்டுவது. சேலம் ஸ்டீலில் இரண்டு இ. ஒன்று ஏ ஆனால் திருட்டு. பருத்தி மார்க்கெட்டில் பேல் என்றால் 170 கிலோ பொதி, கேண்டி என்றால் 356 கிலோ. மிட்டாய்க் கேண்டியும் எழுத்துக்கு எழுத்து அதேதான்.

ஆறாவது: அனுப்புவதற்கு முன்னும் பின்னும்

சிவப்புக் கோடு விழவில்லை என்றால் சரி என்று எண்ணாதீர்கள். இந்தச் சொற்கள் எல்லாமே உண்மையான சொற்கள். சாவும் சாயமும் டிக்ஷனரியில் இருக்கின்றன. போனில் டைப் செய்தால் அதுவாகவே ஒன்றை இன்னொன்றாக மாற்றியும் விடும். மெயிலைக் கடைசி வரியிலிருந்து மேல் நோக்கிப் படியுங்கள். மேலிருந்து படித்தால் நீங்கள் எழுத நினைத்ததைத்தான் கண் படிக்கும், எழுதியதைப் படிக்காது.

சொல்லோடு எப்போதும் ஒரு எண்ணையும் ஒரு படத்தையும் சேருங்கள். ஸ்டைல் நம்பர், அளவு, ஜிஎஸ்எம், விரல் வைத்துக் காட்டிய போட்டோ. 'நெக் ரிப்' என்று தப்பாகப் போனாலும் பக்கத்தில் 220 ஜிஎஸ்எம் என்று இருந்தால் யாரும் கிழிசல் என்று நினைக்க மாட்டார்கள். சந்தேகம் வந்த சொல்லை டிக்ஷனரியில் பார்க்கும்போது அர்த்தத்தை விட்டுவிட்டு அதற்குக் கீழே உள்ள உதாரண வாக்கியத்தைப் படியுங்கள். நோட்டிலும் அந்த வாக்கியத்தையே உங்கள் பொருளை வைத்து மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படியும் தப்பு போய்விடும். எனக்கு இன்னமும் போகிறது. தெரிந்த நிமிஷமே அதே மெயிலின் தொடர்ச்சியாக ஒரு வரி அனுப்புங்கள்: முன்னது தப்பு, சரியான சொல் இது, ஸ்டைல் நம்பர் இது. காரணம், விளக்கம், மன்னிப்புக் கடிதம் எதுவும் வேண்டாம். ஆனால் தப்பு சாயப்பட்டறைக்குப் போயிருந்தால் மெயிலை நம்பாதீர்கள். அதைக் காலையில்தான் திறப்பார்கள், துணியோ ராத்திரி ஷிஃப்ட்டிலேயே சாய வெஸலுக்குள் இறங்கிவிடும். முதலில் மாஸ்டருக்குப் போன் போடுங்கள். "அண்ணா, சித்த நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு, பாம்பே பி-யா பீட்டர் பி-யா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.